எந்த மாட்டைச் சொல்கிறாய்?

18 சதவீதம். இந்த எண்ணைப் பல ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருந்தேன். மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 18 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது, உலகப் போக்குவரத்து முழுவதும் வெளியிடுவதைவிட அது அதிகம் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2006-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், பருவநிலை பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வேன். காரும் பஸ்ஸும் விமானமும் சேர்ந்து செய்வதைவிடப் பெரிய கேட்டை ஆடுமாடுகள் செய்கின்றன என்பது கேட்டவுடன் மனதில் தைக்கும் செய்தி. எனக்கும் தைத்திருந்தது.

பெரியம்மாவின் மகள் நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறாள். ஒரு நாள் மாலை அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது, தொழுவத்தின் வாசலில் நின்றபடி அவளிடமும் இதைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. கறக்கும் கையும் நிற்கவில்லை. "எந்த மாட்டைச் சொல்கிறாய்?" என்று கேட்டாள். பொதுவாக மாடு வளர்ப்பதைச் சொல்கிறேன் என்றேன். "பொதுவாக மாடு என்று ஒன்று இருக்கிறதா? அது என்ன தின்கிறது, எங்கே மேய்கிறது, எத்தனையாவது ஈத்து, இதையெல்லாம் கேட்காமல் எப்படிக் கணக்குப் போட்டார்கள்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் படித்திருந்தது அந்த அறிக்கையைப் பற்றிய செய்திகளை மட்டுமே. அன்று இரவுதான் அறிக்கையைத் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகளுக்குள் போய், இன்றுவரை வெளியே வரவில்லை.

முதலில் தெரிந்துகொண்டது, போக்குவரத்தோடு செய்த அந்த ஒப்பீடு ஒரே தராசில் செய்யப்படவில்லை என்பது. கால்நடையைக் கணக்கிட்டபோது தீவனப் பயிருக்கு உரம் தயாரித்தது, மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்தது, சாணம் மக்கியது, இறைச்சியைப் பதப்படுத்தி எடுத்துச் சென்றது எல்லாவற்றையும் சேர்த்திருந்தார்கள். போக்குவரத்துக்கோ வண்டி ஓடும்போது எரியும் எரிபொருளின் புகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வண்டிக்கான எஃகை உருக்கியதும், சாலை போட்டதும், எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்ததும் அதில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மிட்லோனர் இதைச் சுட்டிக்காட்டினார். அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரும் 2010-ல் அந்தக் குறையை ஒப்புக்கொண்டார். மிட்லோனரின் ஆய்வு மையத்துக்குக் கால்நடைத் தீவனத் தொழிலிலிருந்து நிதி வருவது பின்னாளில் பெரிய செய்தியானது. ஆனாலும் அவர் காட்டிய பிழை பிழைதான். அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, கால்நடைக்குப் பருவநிலை மாற்றத்தில் பங்கே இல்லை என்று பேசுவது அதைவிடப் பெரிய பிழை.

மறுமுனையில் இன்னொரு எண் இருக்கிறது: 51 சதவீதம். உலக வங்கிக் குழுமத்தோடு தொடர்புடைய இரு சுற்றுச்சூழல் வல்லுநர்கள் 2009-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. கால்நடைகள் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவையும் அவர்கள் சுமையாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த வாயு, சில மாதங்களுக்கு முன்னால் புல் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. புல்லுக்குப் போனது மாட்டின் வழியாகத் திரும்புகிறது. இந்தக் கணக்கைப் பருவநிலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. இருந்தும் அந்த எண் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல நோக்கத்துக்காகச் சொல்கிறோம் என்பதால் எண்ணைப் பெரிதாக்கலாம் என்று நினைப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஒருமுறை அந்த எண் உடைந்தால், கேட்டவர் அடுத்து வரும் உண்மையையும் நம்பமாட்டார்.

அதே உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் புதிய கணக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு 710 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது மொத்தத்தில் 14.5 சதவீதம். 2023-ல் மறுபடியும் கணக்கிட்டபோது 620 கோடி டன், சுமார் 12 சதவீதம். 18 என்பது 12 ஆகிவிட்டதால் வாயு குறைந்துவிட்டது என்று பொருளில்லை. கணக்கிடும் முறை மாறியது, அடிப்படை ஆண்டு மாறியது, தரவு கூடியது. இதே காலத்தில் உலக இறைச்சி உற்பத்தி ஏறிக்கொண்டேதான் இருந்தது. 1961-ல் சுமார் 7 கோடி டன்னாக இருந்தது இன்று 35 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 12 சதவீதம் என்பதே போதுமான அளவுக்குப் பெரிய எண். அதை 51 ஆக்கத் தேவையில்லை.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மாட்டுக்கு மாடு என்ன வேறுபாடு? அதைச் சொல்ல மாட்டின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

புல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் நாரை உடைக்கும் நொதி மாட்டிடம் இல்லை. அதன் நான்கு அறை வயிற்றின் முதல் அறையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பெரிய மாட்டுக்கு இந்த அறை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கே நார் நொதித்து, மாட்டுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாகிறது. கூடவே ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தல் தடைப்படும். அதை எடுத்துக்கொண்டு மீத்தேனாக மாற்றி வாழ்வதற்கென்றே ஆர்க்கியா என்னும் இன்னொரு வகை நுண்ணுயிர் அங்கே இருக்கிறது. உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. பின்புறம் வழியே போவது மிகச் சிறு பங்கு. ஒரு பெரிய கறவை மாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ மீத்தேன் வெளியிடுகிறது. தின்ற தீனியின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி வீணாகிறது.

இதை முதலில் படித்தபோது எனக்கு வியப்புதான் மேலிட்டது. மனிதன் தின்னவே முடியாத வைக்கோலைப் பாலாக்கும் அற்புதமும் இந்த மீத்தேனும் ஒரே வேதிவினையின் இரு விளைவுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் கழற்றிவிட எளிய வழி இல்லை. தீனி நாராக இருக்கும்போது மீத்தேன் கூடும், தானியமாக இருக்கும்போது குறையும். அதாவது மேய்ச்சல் மாடு, தானியம் தின்னும் மாட்டைவிட, உண்ணும் ஒவ்வொரு கிலோ தீனிக்கும் அதிக மீத்தேன் விடுகிறது. புல்வெளியில் மேயும் மாடுதான் பூமிக்கு நல்லது என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய அடி. ஆனால் தானியம் தின்னும் மாடு மனிதனின் உணவைத் தின்கிறது. அந்தத் தானியத்துக்கு நிலம் வேண்டும், உரம் வேண்டும், உரத்துக்கு இயற்கை எரிவாயு வேண்டும். கணக்கில் ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் புடைக்கிறது.

மீத்தேனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இந்த விவாதத்தில் மிக நேர்மையான கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

கரியமில வாயு காற்றில் சேர்ந்தால் அதன் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே இருக்கும். மீத்தேன் சராசரியாக 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் இருக்கும்வரை கடுமையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் சுமார் 27 டன் கரியமில வாயுவுக்குச் சமம், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 டன்னுக்குச் சமம். எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மாடு மூன்று மடங்கு பெரிய குற்றவாளியாகவோ மூன்றில் ஒரு பங்குக் குற்றவாளியாகவோ தோன்றும்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆய்வாளர் மைல்ஸ் ஆலனும் அவருடைய சகாக்களும் 2018 வாக்கில் வேறொரு கோணத்தை முன்வைத்தார்கள். ஒரு மந்தை பல பத்தாண்டுகளாக ஒரே அளவில் இருந்தால், அது இன்று விடும் மீத்தேன், முன்பு விட்டுச் சிதைந்துகொண்டிருக்கும் மீத்தேனின் இடத்தை நிரப்புகிறது. காற்றில் அதன் அளவு ஏறுவதில்லை. ஆகவே அது புதிதாகச் சேர்க்கும் வெப்பம் மிகக் குறைவு. மந்தை சுருங்கினால் பூமி சற்றுக் குளிரவும் செய்யும். இது இயற்பியலில் சரியான கருத்து. கரியமில வாயுவையும் மீத்தேனையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கும் பழைய வழக்கத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது.

ஆனால் பெரிய இறைச்சி, பால் தொழில்களின் வாயில் இதே கருத்து வேறு உருவம் எடுப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. "எங்கள் மந்தை பெருகவில்லை, எனவே எங்களால் வெப்பமே ஏறவில்லை" என்கிறார்கள். ஏற்கெனவே ஏற்றிவைத்த வெப்பத்தை இறக்காமல் அப்படியே பிடித்துவைத்திருக்கும் உரிமையை அவர்கள் தங்களுக்கே வழங்கிக்கொள்கிறார்கள். நூறாயிரம் மாடு வைத்திருந்த நாடு அதையே தொடர்ந்தால் குற்றமில்லை. இரண்டு மாடு வைத்திருந்த ஏழைக் குடும்பம் மூன்றாவதை வாங்கினால் குற்றம் என்றாகிறது. முதலில் வந்து இடம்பிடித்தவனுக்கே இடம் சொந்தம் என்பது போன்ற நியாயம் இது. மேலும், உலக மந்தை ஒரே அளவில் நிற்கவில்லை. 1961-ல் ஏறத்தாழ 94 கோடியாக இருந்த மாடுகள் இன்று 150 கோடியைத் தாண்டிவிட்டன.

மீத்தேனின் குறுகிய ஆயுளை நான் ஒரு வாய்ப்பாகத்தான் பார்க்கிறேன். நிலக்கரியை இன்றே நிறுத்தினாலும் அதன் கரியமில வாயு நம் பேரப்பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கும். மீத்தேனைக் குறைத்தால் பலனை நம் ஆயுளிலேயே காணலாம். 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் 2030-க்குள் மீத்தேனை 2020-ன் அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்போம் என்று கூட்டாக உறுதியளித்தது இதனால்தான். ஒன்றை மறக்கக் கூடாது: மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் கால்நடையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களின் கசிவும் அதற்கு இணையான பங்கு. குழாயில் கசியும் வாயுவை அடைப்பதற்கு யாருடைய உணவையும் தொட வேண்டியதில்லை. மாட்டைப் பற்றிய பேச்சு அதை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது என்று எப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மீத்தேனில் இவ்வளவு வாதம் செய்ய இடமிருக்கிறது. நிலத்தில் அவ்வளவு இல்லை. என் மனதை உண்மையில் மாற்றியது நிலக் கணக்குதான்.

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளைச் சேர்ந்த சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி, இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை உலகின் வேளாண் நிலத்தில் சுமார் 83 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, மனிதர்களுக்குத் தேவையான கலோரியில் 18 சதவீதத்தையும் புரதத்தில் 37 சதவீதத்தையும் தருகின்றன. இதைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நிலமா? அந்த நிலம் காடாகவோ சதுப்பாகவோ இருந்தால் எவ்வளவு கரிமத்தை உள்ளே வைத்திருக்கும், எத்தனை உயிர்கள் அங்கே வாழும்? அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வு, பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் 60 சதவீதம் கால்நடைகள், 36 சதவீதம் மனிதர்கள், காட்டு விலங்குகள் வெறும் 4 சதவீதம் என்று காட்டியது. யானை, திமிங்கிலம், மான், புலி, குரங்கு, எலி எல்லாம் சேர்ந்து அந்த 4 சதவீதம்.

இங்கேயும் எதிர்வாதம் உண்டு, அது சும்மா சொல்லப்படுவதும் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி உழுது பயிரிட முடியாத நிலம். 2017-ல் வந்த ஒரு கணக்கின்படி, சுமார் 130 கோடி ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தைப் பயிர்நிலமாக மாற்ற இயலாது. உலகக் கால்நடைகள் தின்னும் தீனியில் 86 சதவீதம் மனிதர் உண்ண முடியாதது: புல், வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு. குப்பையாகிப் போகக்கூடியதை உணவாக மாற்றுகிறது கால்நடை என்ற வாதம் இதன் மேல்தான் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. அக்காவின் தொழுவம் கண்முன்னே வருவதால் இருக்கலாம். ஆனால் மீதியுள்ள 14 சதவீதத்தைத் திறந்து பார்த்தால், அது உலகத் தானிய விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பயிரிட முடியாத நிலம் என்பதற்கு வேறு பயனே இல்லாத நிலம் என்றும் பொருள் கிடையாது. அது காடாகத் திரும்பலாம். சில இடங்களில் காடாகத் திரும்பவும் கூடாது: ஆதியிலிருந்தே புல்வெளியாகவும், மரங்கள் சிதறி நிற்கும் சவானாவாகவும் இருக்கும் நிலத்தில் மேயும் விலங்கு அந்த இயற்கையின் ஓர் அங்கம், அங்கே மரம் நடுவது அதை அழிப்பதாகும். ஒவ்வோர் இடத்தையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு என்பதையும் அதே 2018 ஆய்வு காட்டுகிறது. மிக மோசமான பத்தில் ஒரு பங்கில் வரும் மாட்டிறைச்சி, 100 கிராம் புரதத்துக்கு 105 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சுமையை ஏற்றுகிறது. பாற்பண்ணை மந்தையிலிருந்து கிடைக்கும் மாட்டிறைச்சியில் மிகச் சிறந்ததைப்போல் அது 12 மடங்கு. நிலத்தில் 50 மடங்கு. அக்கா கேட்ட கேள்வியின் அளவு இதுதான். ஒரே பெயர், ஒரே விலங்கு, 50 மடங்கு வேறுபாடு. ஆனால் அடுத்த வரியும் அதே ஆய்வில் இருக்கிறது: அந்த மிகச் சிறந்த மாட்டிறைச்சியே பட்டாணியைப்போல் 36 மடங்கு வாயுச் சுமை உடையது. முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களும் இரண்டாவது வரியை மட்டும் காட்டுபவர்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அமேசானில் அழிக்கப்பட்ட காட்டின் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலம். சோயாவும் இந்தக் கதையில் வருகிறது. உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது. பெரும்பாலும் கோழிக்கும் பன்றிக்கும். புதிதாகக் காடழித்து விளைவித்த அமேசான் சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் 2006-ல் உடன்பட்டன. அமேசானில் சோயாவுக்காக நேரடியாகக் காடழிப்பது பெருமளவு குறைந்தது. பக்கத்திலுள்ள, பிரேசிலின் செராடோ சவானாவுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை, அங்கே அழிவு தொடர்ந்தது. மாட்டின் கதை இன்னும் சிக்கலானது. கன்று ஒரு பண்ணையில் பிறக்கிறது, இரண்டாவது பண்ணையில் வளர்கிறது, மூன்றாவது பண்ணையில் கொழுக்கிறது. காடழித்த நிலத்தில் பிறந்த கன்று, சட்டப்படி எந்தக் குறையும் இல்லாத பண்ணை வழியாக இறைச்சிக்கூடத்துக்கு வந்துவிடும். கடைசிப் பண்ணையை மட்டும் சோதிப்பவருக்கு எதுவும் தெரியாது.

புல்வெளி மேய்ச்சல் மண்ணில் கரிமத்தைச் சேர்த்து மாட்டின் மீத்தேனை ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கையையும் நான் நீண்ட நாள் பற்றிக்கொண்டிருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் இயங்கிய ஓர் ஆய்வு வலையமைப்பு 2017-ல் கிடைத்த சான்றுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. மிகச் சாதகமான சூழலிலும், மேயும் கால்நடைகள் வெளியிடுவதில் 20 முதல் 60 சதவீதத்தையே மண் ஈடுகட்ட முடியும். அதுவும் சில பத்தாண்டுகளில் மண் நிறைந்து நின்றுவிடும் என்பது அதன் முடிவு. மாடு ஏப்பம் விடுவதோ நிற்பதில்லை. நல்ல மேய்ச்சல் முறை மண்ணுக்கும் நீருக்கும் புல்லுக்கும் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு இறைச்சி வேண்டுமானாலும் உண்ணலாம் என்பதற்கு அது சீட்டு ஆகாது.

கோழிக்கு மாறிவிடுங்கள் என்று சொல்பவர்களுக்கு: கிலோவுக்கு வாயு குறைவு என்பது உண்மை. ஆனால் கோழி தின்பது தானியமும் சோயாவும். ஒரு மாட்டின் இறைச்சிக்கு ஈடாக நூற்றுக்கணக்கான கோழிகள் சாக வேண்டும். ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேற்பட்ட கோழிகள் இப்போதே கொல்லப்படுகின்றன. வாயுவை மட்டும் தராசில் வைத்தால் இந்த உயிர்கள் எடையற்றுப் போகின்றன.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற அளவுகோலைப் பற்றி எனக்கு ஆழமான குறை ஒன்று உண்டு. அந்த அளவுகோலில் உலகிலேயே மோசமான மாடுகள் யாருடையவை? சகாராவுக்குத் தெற்கே வறண்ட நிலத்தில் மந்தையோடு அலையும் மேய்ப்பர்களுடையவை. அங்கே மாடு குறைவாகக் கறக்கிறது, மெதுவாக வளர்கிறது, கன்றுகள் நோயில் சாகின்றன. ஆகவே ஒரு லிட்டர் பாலுக்கு விழும் மீத்தேன் மிக அதிகம். ஆனால் அந்த மாடு ஏர் இழுக்கிறது, எரு தருகிறது, பஞ்சம் வரும்போது விற்று உயிர்பிழைக்கும் சேமிப்பாக நிற்கிறது. மழை பொய்த்தால் வேறு எந்த விளைச்சலும் இல்லாத இடத்தில் குழந்தைக்குப் பால் அதுதான். இத்தனை பயனையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மொத்த மீத்தேனையும் அந்தச் சில லிட்டர் பால் மீது ஏற்றுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். வாரம் ஏழு நாளும் இறைச்சி உண்ணும் பணக்கார நாட்டுக்காரரின் பக்கத்தில்கூட அது வராது. கால்நடையைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, முதலில் நினைப்பது அந்த மேய்ப்பரை இல்லை. அவரிடம் போய்ச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை.

அதே அளவுகோலில் மிகச் சிறந்தவை வளர்ந்த நாடுகளின் பெரிய பாற்பண்ணைகள். அமெரிக்காவில் 1944-ல் 2 கோடியே 56 லட்சம் கறவை மாடுகள் இருந்தன. 2007-ல் 92 லட்சம் மாடுகள் முன்பைவிட 59 சதவீதம் அதிகமாகப் பால் கறந்தன. ஒரு லிட்டருக்கு விழும் வாயுச் சுமை 1944-ல் இருந்ததில் 37 சதவீதமாகக் குறைந்தது. இது சாதனைதான். ஆனால் அத்தனை மாடுகளின் சாணமும் சிறுநீரும் ஒரே இடத்தில் குவியும்போது மண்ணும் நீரும் தாங்குவதில்லை. நெதர்லாந்தில் நடந்தது அதுதான். சிறிய நாடு, நெருக்கமான மந்தைகள், இறக்குமதித் தீவனம். சாணத்திலிருந்து எழும், நைட்ரஜன் சேர்மமான அம்மோனியா காற்றில் பரவி இயற்கைக் காப்பிடங்களில் படிந்தது. 2019-ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசின் நைட்ரஜன் அனுமதி முறையைச் செல்லாததாக்கியது. விவசாயிகள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலைகளை நிறைத்தார்கள். பெரிய கடன் வாங்கு, பெரிய கொட்டகை கட்டு, அதிகம் கற என்று அவர்களைப் பத்தாண்டுக் கணக்கில் தூண்டியவர்களே திடீரென்று பாதியாகக் குறை என்றார்கள். அந்த விவசாயிகளின் கோபம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றம் சொன்னதும் சரி.

டென்மார்க் வேறு வழியில் போகிறது. 2030 முதல் கால்நடை வெளியிடும் வாயுவுக்கு வரி. விவசாயிகளோடும் இயற்கை ஆர்வலர்களோடும் உட்கார்ந்து பேசி 2024-ல் எடுத்த முடிவு அது. வரியோடு சேர்த்து, விளைநிலத்தில் ஒரு பகுதியைக் காடாகவும் சதுப்பாகவும் மாற்றப் பெரும் நிதியும் ஒதுக்கினார்கள். நாட்டின் மொத்த வாயுவில் ஏறத்தாழ பாதி வேளாண்மையிலிருந்து வரும் நியூசிலாந்து, இதேபோன்ற கட்டணத்தை 2022-ல் அறிவித்து, ஆட்சி மாறியபின் கைவிட்டது.

தீவனத்தில் கலக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன. ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கறவை மாடுகளுக்கு அனுமதித்தது; அது மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஒரு வகைச் சிவப்புக் கடற்பாசி சில சோதனைகளில் 80 சதவீதம்வரை குறைத்தது. தினமும் தொட்டியில் தீனி வைக்கும் மாட்டுக்கு இவை உதவும். திறந்த வெளியில் மேயும் மாட்டுக்கு யார் தினமும் மருந்து கலப்பது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை.

இவ்வளவும் படித்தபின் என் நிலை என்ன என்று கேட்டால் சொல்கிறேன். அளவுக்கு மேல் இறைச்சி உண்ணும் இடங்களில் அது பெருமளவு குறைய வேண்டும், மாட்டிறைச்சி முதலில் குறைய வேண்டும். காடழித்த நிலத்திலிருந்து வரும் எதையும் யாரும் வாங்கக் கூடாது. நல்ல கால்நடை மருத்துவமும் நல்ல தீனியும் கிடைக்காத சிறு விவசாயிகளுக்கு அவை கிடைக்க வேண்டும்; சாகும் கன்று குறைந்தால், காலத்தில் சினைபிடித்தால், அதே பாலுக்கு மாடு குறைவாகப் போதும். மண்ணும் புல்லும் தாங்கும் அளவுக்குக் கால்நடை இருக்கட்டும். மனிதன் உண்ணும் தானியத்தை அதன் வாயில் திணிப்பது நிற்கட்டும். நானும் என் உணவை இதன்படி மாற்றிக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற முறை அக்காவைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். மாடுகளுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். "அப்படியானால் என் மாடு நல்ல மாடுதானே?" என்றாள். பெரும்பாலும் வைக்கோலும் புல்லும்தானே தின்கிறது, ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்த அடர்தீவன மூட்டையை வெளிச்சத்துக்கு இழுத்தாள். கறக்கும் மாட்டுக்கு அதுவும் வைக்க வேண்டியிருக்கிறது. மூட்டையின் பின்பக்கத்தில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நார் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று அச்சிட்டிருந்தது. சேர்மானப் பட்டியலில் சோயாப் பிண்ணாக்கு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மூட்டையைத் திருப்பி முன்பக்கத்தையும் பார்த்தாள்.

"எந்த நிலத்தில் விளைந்தது என்று போடவில்லையே" என்றாள்.